நேரடி டெலிவரி: இணையத்தில் விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்த இணையதளத்தில் ஆர்டர் வாங்கி, பொருளை வாடிக்கையாளரின் வீட்டுக்கே அனுப்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நாளொன்றுக்குப் பத்து பார்சலிலிருந்து சில நூறு பார்சல் வரை அனுப்புகிற கடைகளை மனத்தில் வைத்துப் பதில் எழுதப்பட்டிருக்கிறது. நூற்றுக்கணக்கான வண்டிகளும் பத்து கிடங்குகளும் வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

டெலிவரி தாமதம் என்று புகார் மேல் புகார். கூரியரை மாற்றிவிடலாமா?

மாற்றலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கடைசியாகப் போன நூறு ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நேரங்களை எக்செல் தாளில் எழுதுங்கள்: ஆர்டர் வந்த நேரம், பேக்கிங் முடிந்த நேரம், கூரியர் போட்ட முதல் ஸ்கேன், டெலிவரிக்குப் புறப்பட்ட நேரம், கையில் சேர்ந்த நேரம். இப்போது நான்கு இடைவெளிகள் தெரியும். எது நீளமாக இருக்கிறதோ அங்கேதான் நோய்.

பல கடைகளில் முதல் இரண்டு இடைவெளிகளே பாதி நேரத்தைத் தின்றிருக்கும். சனிக்கிழமை மாலை வந்த ஆர்டரைத் திங்கள் காலை பார்த்து, மதியம் பேக் செய்து, வண்டி போய்விட்டதால் செவ்வாயன்று ஒப்படைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் கணக்கில் அதற்குள் மூன்று நாள் ஓடியிருக்கும். பார்சல் இன்னும் நகரவே தொடங்கியிருக்காது. இந்த நிலையில் எந்தக் கூரியரை வைத்தாலும் புகார் வரத்தான் செய்யும்.

இரண்டாவது இடைவெளியில் ஒரு மறைவான சிக்கலும் உண்டு. வண்டிக்காரர் மூட்டையாக அள்ளிக்கொண்டு போய், கூரியரின் கிடங்கில் இரவு இறக்கிய பிறகுதான் ஸ்கேன் போடுவார். இடையில் ஒரு பார்சல் விழுந்து போனால் அவர்கள் வாங்கியதற்கே ஆதாரம் இருக்காது. வாங்கும் இடத்திலேயே ஸ்கேன் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால், ட்ராக்கிங் எண்களின் பட்டியலை அச்செடுத்து அதில் கையெழுத்தாவது வாங்குங்கள்.

எங்கள் சராசரி 3 நாள்தான். அப்புறம் ஏன் அதிருப்தி?

சராசரி உங்களை ஏமாற்றுகிறது. 20 ஆர்டர்களில் 16 பேருக்கு 2 நாளிலும் 4 பேருக்கு 7 நாளிலும் போய்ச் சேர்ந்தால், மொத்தம் 60 நாள், சராசரி சரியாக 3. ஆனால் மூன்றாம் நாள் யாருக்குமே பார்சல் வரவில்லை! ஐந்தில் ஒருவர் ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார். மட்டமான விமர்சனம் எழுதுகிறவர் அந்த ஐந்தில் ஒருவர்தான்.

அதனால் சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நூற்றுக்கு 95 பார்சல் எத்தனை நாளுக்குள் சேர்ந்தன?" என்று கேளுங்கள். நாட்களை ஏறுவரிசையில் அடுக்கி 95-ஆம் இடத்தைப் பார்த்தால் போதும். அதை ஊர்வாரியாக, அல்லது கூரியர்கள் பிரித்து வைத்திருக்கும் மண்டலவாரியாகப் பாருங்கள். ஒரே ஒரு பகுதிதான் மொத்தக் கணக்கையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பது பல சமயம் அப்போதுதான் கண்ணில் படும்.

வேகமாக அனுப்புவது முக்கியமா, சொன்ன தேதியில் அனுப்புவது முக்கியமா?

சொன்ன தேதி. என்னைக் கேட்டால் இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. 2005-இல் அமேசான் பிரைம் இரண்டு நாள் டெலிவரியைக் கொண்டுவந்த பிறகு, எல்லோரும் வேகத்தின் பின்னால் ஓட ஆரம்பித்தோம். ஆனால் வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லி வெள்ளிக்கிழமை வந்தால் யாரும் கோபிப்பதில்லை. புதன் வரும் என்று சொல்லி வியாழன் வந்தால் கோபிக்கிறார்கள். இத்தனைக்கும் வியாழன் வெள்ளிக்கு முன்னால் வருகிற நாள்.

"3 முதல் 5 வேலை நாட்கள்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். இன்று முதல் நாளா, நாளையா, சனிக்கிழமை கணக்கில் உண்டா என்று வாங்குபவர் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. முகவரியின் அஞ்சல் குறியீட்டை வைத்து நீங்களே கணக்கிட்டு, தேதியைக் கிழமையோடு காட்டுங்கள். கணக்கு எளிது: உங்கள் பேக்கிங் நேரம், அந்த மண்டலத்துக்கு நூற்றுக்கு 95 பார்சல் சேரும் நாட்கள், நடுவில் வரும் விடுமுறைகள். பணம் கட்டும் பக்கத்தில் மட்டுமல்லாமல் பொருளின் பக்கத்திலேயே அது தெரிய வேண்டும்.

"இத்தனை மணிக்குள் ஆர்டர் செய்தால் இன்றே அனுப்புவோம்" என்று போடலாமா?

போடலாம். கூரியர் வண்டி வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து அந்த மணியை முடிவு செய்யுங்கள். வண்டி 5 மணிக்கு வருகிறது, கடைசி நேர ஆர்டர்களை எடுத்துக் கட்ட இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் கெடு 3 மணி அல்ல, 2 மணி. அந்த ஒரு மணி நேரம் பிரிண்டர் மக்கர் பண்ணும் நாளுக்காக.

தவறான பொருள் போய்விடுகிறது. எப்படித் தடுப்பது?

"கவனமாக இருங்கள்" என்று ஊழியர்களிடம் சொல்வதால் இது குறையாது. தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று அலமாரி: ஒரே மாதிரி இருக்கும் கருநீலமும் கறுப்பும், நடுத்தர அளவும் பெரிய அளவும் அருகருகே இருக்கும். அவற்றைத் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, எடுக்க வேண்டியவற்றின் பட்டியல் அந்த எண் வரிசையிலேயே அச்சாகும்படி செய்தால் நடையும் மிச்சம்.

இன்னொன்று பேக்கிங் மேசை. மூன்று ஆர்டர்களின் பொருள்கள் ஒரே மேசையில் கிடந்தால், லேபிள் மாறி ஒட்டப்படுவது இன்றோ நாளையோ நடந்தே தீரும். ஒரு நேரத்தில் மேசையில் ஒரே ஆர்டர் என்பதை விதியாக வையுங்கள். பொருளின் பார்கோடை ஸ்கேன் செய்து, ஆர்டரோடு பொருந்தினால் மட்டுமே லேபிள் அச்சாக வேண்டும். 1974-இலேயே சூப்பர்மார்க்கெட் கல்லாவுக்கு வந்துவிட்ட பார்கோடு இன்னும் எத்தனையோ சிறு கிடங்குகளின் பேக்கிங் மேசைக்கு வரவில்லை. சாதாரண ஸ்கேனர் ஒன்று, சில தவறான பார்சல்களுக்கு ஆகும் செலவிலேயே கிடைத்துவிடும்.

ஸ்கேனரும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: ஒவ்வொரு பொருளின் எடையையும் பதிந்துவைத்து, கட்டிய பார்சலைத் தராசில் வையுங்கள். 740 கிராம் இருக்க வேண்டியது 910 காட்டினால் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். நிறம் மாறியதை இது பிடிக்காது. ஒன்று கூடவோ குறையவோ போனதைப் பிடித்துவிடும்.

பொருள் 2 கிலோகூட இல்லை. கூரியர் 6 கிலோவுக்குப் பில் போடுகிறார். இது என்ன நியாயம்?

நியாயம்தான், கசப்பாக இருந்தாலும். வண்டியிலும் விமானத்திலும் எடையைவிட இடம்தான் முதலில் தீர்ந்துபோகிறது. அதனால் பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றி, உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான முறை. சிலர் 4000 அல்லது 6000 வைத்திருப்பார்கள். ஒப்பந்தத்தில் எந்த எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், 4000 என்றால் அதே பெட்டிக்குக் கால் பங்கு கூடுதலாகக் கட்டுகிறீர்கள்.

1.8 கிலோ பொருளை 40 × 30 × 25 செ.மீ. பெட்டியில் போட்டால் 30,000 கன செ.மீ.; 5000-ஆல் வகுத்தால் 6 கிலோ. அதே பொருள் 32 × 26 × 15 பெட்டியில் அடங்கும் என்றால் 12,480, ஏறக்குறைய 2.5 கிலோ. பொருள் மாறவில்லை, கூரியர் மாறவில்லை, கட்டண எடை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கூரியரிடம் பேரம் பேசி இவ்வளவு குறைக்க யாராலும் முடியாது.

ஆகவே, கடந்த சில மாத ஆர்டர்களைப் பார்த்து, அடிக்கடி சேர்ந்து போகும் பொருள்களுக்கு ஏற்ற நான்கைந்து பெட்டி அளவுகளை முடிவு செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு அளவு வைத்தால் அவசரத்தில் கைக்கு வந்த பெட்டியைத்தான் எடுப்பார்கள். உடையாத துணி வகைக்குப் பெட்டியே தேவையில்லை, கனமான பை போதும். இன்னொன்று: திணித்துத் திணித்து நடுவில் புடைத்துப்போன பெட்டியை, புடைத்த இடத்தில்தான் அளப்பார்கள். பேக் செய்த பார்சல்களை அளவு நாடாவோடு அவ்வப்போது படம் எடுத்து வைத்தால், பில்லில் தகராறு வரும்போது கைகொடுக்கும்.

சிறிய பெட்டியில் போட்டால் உடைந்துவிடாதா?

பெட்டி பெரிதாக இருப்பதால் பொருள் பிழைப்பதில்லை, பெட்டிக்குள் ஆடாமல் இருப்பதால் பிழைக்கிறது. உடையக்கூடிய பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் சுமார் 5 செ.மீ. மெத்தை இருக்கட்டும். மூடி டேப் ஒட்டிய பிறகு காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து இன்னும் காகிதம் திணிக்க வேண்டும். டேப்பை நடு இணைப்பில் மட்டும் ஒட்டாமல் இரு ஓரங்களிலும் ஒட்டுங்கள், மேலேயும் கீழேயும்.

நெளிவு அட்டைப் பெட்டியின் தாங்கும் பலம் பெரும்பாலும் அதன் செங்குத்தான நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலை நசுங்கிய பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால், மேலே அடுக்கும் பார்சலின் பாரம் உங்கள் பொருளின் மேல்தான் இறங்கும். ஈரக்காற்றில் கிடந்த பெட்டியும் அப்படியே, பார்க்கப் புதிதாக இருந்தாலும் அழுத்தினால் அமுங்கும். "கவனம், கண்ணாடி" என்ற ஸ்டிக்கரை அதிகம் நம்ப வேண்டாம். பிரிப்பு மையங்களில் கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியாது. புதிய பேக்கிங் முறையைக் கொண்டுவரும் முன் இடுப்பு உயரத்திலிருந்து ஒரு முனை, ஓரங்கள், ஆறு பக்கங்கள் என்று போட்டுப் பாருங்கள். தொழில்முறைச் சோதனைகளும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கின்றன.

பெட்டிக்குள்ளும் ஒரு முகவரிச் சீட்டு போடுங்கள். வெளி லேபிள் கிழிந்தால் பார்சலைக் காப்பாற்ற அது ஒன்றுதான் இருக்கும்.

பேட்டரி உள்ள பொருளைச் சாதாரணமாக அனுப்பலாமா?

கூடாது. லித்தியம் பேட்டரிகள் ஆபத்தான சரக்கு. ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண் வரிசையில், லித்தியம் அயனி பேட்டரியைத் தனியாக அனுப்பினால் யு.என். 3480, சாதனத்தோடு அனுப்பினால் யு.என். 3481 என்ற எண்ணின் கீழ் வரும். தனி பேட்டரிகளைச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. சொல்லாமல் அனுப்பிப் பிடிபட்டால் பார்சல் மட்டுமல்ல, கூரியர் கணக்கே முடங்கலாம்.

முகவரி தவறால் திரும்பும் பார்சல்களை எப்படிக் குறைப்பது?

முகவரிப் படிவத்தில்தான் தொடங்க வேண்டும். "முகவரி" என்று ஒரே பெரிய பெட்டியைக் கொடுத்தால் சிலர் ஊர் பெயரை மட்டும் எழுதுவார்கள், சிலர் கதையே எழுதுவார்கள். கதவு எண், மாடி, தெரு, பகுதி, அஞ்சல் குறியீடு, அருகிலுள்ள அடையாளம் என்று பிரித்துக் கேளுங்கள். குறியீட்டைப் போட்டதும் ஊர் தானாக நிரம்பட்டும், பொருந்தாவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். பணம் கட்டிய பிறகு முகவரியைப் பெரிய எழுத்தில் திருப்பிக் காட்டி, திருத்த ஓர் இணைப்பும் கொடுங்கள். பேக்கிங் தொடங்கும் வரை அந்த இணைப்பு வேலை செய்ய வேண்டும்.

வெளிநாட்டுக்கும் விற்கிறீர்கள் என்றால் படிவம் இளக வேண்டும். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, வட்டார எண்ணும் கட்டட எண்ணும்தான். அயர்லாந்தில் 2015-இல் வந்த ஏழு எழுத்துக் குறியீடு ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியானது, அது ஒன்றே வீட்டைக் காட்டிவிடும். "தெருப் பெயர் கட்டாயம்" என்று படிவம் அடம்பிடித்தால் வாங்க வந்தவர் எதையோ நிரப்பிவிட்டுப் போவார். அதுவும் லேபிளில் அச்சாகும்.

முகவரி ஒழுங்கில்லாத பகுதிகளுக்கு வாங்குபவரே வரைபடத்தில் தன் இடத்தைக் குறிக்கும் வசதி நல்லது. கூகுள் வெளியிட்ட பிளஸ் கோடு முறையையும் பயன்படுத்தலாம். கட்டணம் இல்லை, வழக்கமான பத்து இலக்கக் குறியீடு சுமார் 14 மீட்டர் கட்டத்துக்குள் இடத்தைக் காட்டிவிடும். ஆனால் அந்தத் தகவல் கூரியரின் செயலிக்குப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியிலேயே தங்கிவிட்டால் வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன பயன்?

முகவரி சரி, ஆள் இல்லை என்று திரும்புகிறதே?

இதன் விலையை முதலில் பார்த்துவிடுவோம். 100 பார்சலில் 10 திரும்பி வந்தால், போகும் கட்டணம் 100, திரும்பும் கட்டணம் 10, ஆக 110 பங்கு செலவு. விற்பனை ஆனது 90 மட்டும். ஒரு விற்பனைக்கான அனுப்பும் செலவு 22 சதவீதம் ஏறிவிட்டது. பேக்கிங், அழுக்கான பெட்டி, கிடங்கில் திரும்ப அடுக்கும் வேலை எதையும் இதில் சேர்க்கவில்லை.

டெலிவரிக்கு முந்தைய நாள் ஒரு செய்தி, புறப்படும் காலையில் ஒரு செய்தி. இரண்டிலும் "வேறு நாள்", "பக்கத்து வீட்டில் கொடுங்கள்", "நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரே தட்டலில் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் வெறுங்கையோடு திரும்பும் பயணங்கள் நன்றாகவே குறையும். பார்சல் பெட்டகங்கள் (வாடிக்கையாளரே வந்து திறந்து எடுத்துக்கொள்ளும் பொதுப் பெட்டிகள்) உள்ள ஊர்களில் அதையும் ஒரு தேர்வாகக் காட்டுங்கள். ஜெர்மனியில் இந்த ஏற்பாடு 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. போலந்தில் பலருக்கு அதுதான் முதல் தேர்வு. ஒரே இடத்தில் முப்பது பார்சலை வைத்துவிட்டுப் போவது கூரியருக்கும் லாபம், அதனால் கட்டணத்தில் பேசிப் பார்க்க இடம் உண்டு.

முதல் முயற்சி தோற்றால் அன்றே வாடிக்கையாளரிடம் நீங்கள் பேசுங்கள். "வாடிக்கையாளர் மறுத்தார்" என்ற காரணம் பதிவாகியிருந்தால் கண்டிப்பாகப் பேசுங்கள். கடைசிப் பத்து பார்சலை முடிக்க நேரமில்லாதவர் போட்ட பொய்க் காரணமாகவும் அது இருக்கும்.

கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கலாமா?

வாடிக்கையாளர்கள் கேட்கும் சந்தை என்றால் தவிர்க்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் எல்லாத் தொகைக்கும் வேண்டாம். ஆர்டர் வந்ததும் ஓடிபி அல்லது செய்தி மூலம் உறுதி வாங்குங்கள், உறுதி வராததைக் கட்டவே கட்டாதீர்கள். இரண்டு முறை வாங்க மறுத்த எண்ணுக்கு அந்தத் தேர்வையே காட்ட வேண்டாம்.

ஒரே கூரியரா, பல கூரியர்களா?

நாளுக்கு இருபது பார்சல் அனுப்புகிறவர் மூன்று கூரியர் வைத்துக்கொண்டால் மூவருக்குமே அவர் முக்கியமில்லாதவர். ஒருவரை முதன்மையாகவும், அவர் சரியாகப் போகாத பகுதிகளுக்கு இன்னொருவரையும் வைத்துக்கொள்வது போதும். அளவு கூடிய பிறகு மண்டலவாரியாகப் பிரிக்கலாம். ஒப்பந்தத்தில் கட்டண அட்டையைவிட மற்றவற்றை நிதானமாகப் படியுங்கள்: தொலைந்தால் எவ்வளவு தருவார்கள், எத்தனை நாளுக்குள் கோர வேண்டும், எரிபொருள் கூடுதல் கட்டணம் எப்படி மாறும், வசூலித்த பணம் என்றைக்கு உங்கள் கணக்குக்கு வரும்.

சொந்தமாக டெலிவரி ஆட்கள் வைத்தால் மலிவா?

வீடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு கதவுகளைத் தட்ட முடிந்தால் சொந்த ஆள் கட்டுப்படியாகும், நான்குதான் முடிகிறது என்றால் ஆகாது. எனவே எல்லா நாளும் எல்லாப் பகுதிக்கும் போகாதீர்கள். வடக்குப் பகுதிக்குத் திங்கள், வியாழன். தெற்குக்குச் செவ்வாய், வெள்ளி என்று பிரித்தால் அதே ஆர்டர்கள் நெருக்கமாகிவிடும்.

எந்த வீட்டுக்கு முதலில், எதற்கு அடுத்து என்று வழி வகுப்பதையும் மனக்கணக்கில் விட வேண்டாம். பத்து வீடுகளுக்கு மட்டும் 36,28,800 விதமான வரிசைகள் உண்டு. டான்ட்ஸிக், ராம்சர் என்ற இருவர் 1959-இல் இதைக் கணிதச் சிக்கலாக எழுதிவைத்தார்கள், இன்றும் பெரிய அளவில் முழுமையான விடை எளிதில்லை. ஆனால் நல்ல விடையே நமக்குப் போதும். கூகுளின் ஓ.ஆர்.-டூல்ஸ் போன்ற இலவச நிரல்கள் அதைத் தந்துவிடும். அப்புறம் அந்த விடையை ஓட்டுநரிடம் காட்டுங்கள். பள்ளி விடும் நேரத்தில் எந்தத் தெரு அடைபடும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இலவச டெலிவரி?

இலவசம் என்று எதுவும் இல்லை, யாரோ கொடுக்கிறார்கள். உங்கள் ஆர்டர் தொகைகளை வரிசைப்படுத்திப் பார்த்து, நடுவில் இருப்பதைவிடச் சற்று மேலே இலவச டெலிவரிக்கான வரம்பை வையுங்கள். கட்டணம் இருந்தால் அதைப் பொருளின் பக்கத்திலேயே காட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் கட்டணத்தைப் பார்த்துக் கூடையை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் ஏராளம்.

"என் ஆர்டர் எங்கே?" என்ற அழைப்புகளைக் குறைக்க வழி?

அவர் கேட்கும் முன் நீங்கள் சொல்வதுதான் வழி. லேபிள் அச்சடித்ததுமே "அனுப்பிவிட்டோம்" என்று செய்தி போகும்படி பல கடைகள் வைத்திருக்கின்றன. பார்சல் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் ட்ராக்கிங் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் இல்லை. உடனே போனை எடுக்கிறார். கூரியரின் முதல் ஸ்கேனுக்குப் பிறகே அந்தச் செய்தி போக வேண்டும்.

24 மணி நேரமாக ஸ்கேன் எதுவும் விழாத பார்சல்களைத் தினமும் காலையில் பட்டியலெடுங்கள். தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் புதிய தேதியோடு செய்தி அனுப்புங்கள். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற வாக்கியம் வேண்டாம். மழை என்றால் மழை, நாங்கள் அனுப்ப மறந்துவிட்டோம் என்றால் மறந்துவிட்டோம்.

வெளிநாட்டுப் பார்சல்கள் சுங்கத்தில் மாட்டிக்கொள்கின்றன.

பெரும்பாலும் காகிதத்தில்தான் கோளாறு. "பரிசு", "மாதிரி", "துணைப்பொருள்" என்றெல்லாம் எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. "பெண்களுக்கான பருத்திச் சட்டை, பின்னியது, 2 எண்ணம்" என்று எழுதுங்கள். 1988 முதல் நடைமுறையில் உள்ள உலகப் பொதுச் சரக்குக் குறியீட்டின் (எச்.எஸ். கோடு) முதல் ஆறு இலக்கங்கள் ஏறக்குறைய எல்லா நாட்டிலும் ஒன்றே, அதைச் சரியாகப் போடுங்கள்.

அடுத்தது வரி. வாங்குபவர் கதவருகே வரி கட்ட வேண்டும் என்றால் பாதிப் பேர் பார்சலைத் திருப்பிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை வரியைப் பணம் கட்டும்போதே வசூலித்து, நீங்களே செலுத்தும் முறையில் அனுப்புங்கள். சிறு தொகைக்கு இருந்த விலக்குகளை நம்பி விலை போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது, அமெரிக்கா 800 டாலர் வரை கொடுத்துவந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது.

ரிட்டர்ன் வசதியை எளிதாக்கினால் எல்லோரும் திருப்பி அனுப்புவார்களே?

சிலர் அனுப்புவார்கள். அதைவிட முக்கியம், ஏன் அனுப்புகிறார்கள் என்ற காரணம். "அளவு சரியில்லை" என்று ஒரே சட்டை பத்து முறை திரும்பினால் அளவு அட்டவணையைத் திருத்த வேண்டும். திரும்பி வந்த பொருளை மூட்டையாகக் குவித்துவைக்காமல் வந்த அன்றே பார்த்து அலமாரியில் ஏற்றுங்கள். பணத்தையும் அன்றே திருப்பிவிட்டால் அவரே மறுபடி வாங்க வருவார்.

"டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டுகிறது, வாடிக்கையாளர் வரவில்லை என்கிறார். யாரை நம்புவது?

முதலில் யாரையும் சந்தேகிக்காமல், வீட்டில் உள்ளவர்களிடமும் பக்கத்திலும் வாசல் காவலரிடமும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்கச் சொல்வதும் தவறில்லை. வண்டியில் இருக்கும்போதே "கொடுத்தாயிற்று" என்று பொத்தானை அழுத்திவிட்டு மறுநாள் கொண்டுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கிடையே கூரியரிடம் மூன்றைக் கேளுங்கள்: டெலிவரி பதிவான இடத்தின் வரைபடப் புள்ளி, புகைப்படம் அல்லது கையெழுத்து, பதிவான நேரம். புள்ளி வேறு தெருவில் விழுந்திருந்தால் பேச்சே முடிந்தது.

விலை உயர்ந்த பொருளுக்கு ஓடிபி சொன்னால்தான் பார்சல் என்று வைத்துவிடுங்கள். மலிவான பொருள், நீண்ட நாள் வாடிக்கையாளர், முதல் புகார் என்றால் விசாரணை முடியும் வரை அவரைக் காக்க வைக்காமல் இன்னொன்றை அனுப்பிவிட்டு, கூரியரிடம் இழப்பீடு கோருங்கள். கோருவதற்கு எத்தனை நாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு வாரம்தான் என்று இருந்தால், "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற அவர்களுடைய பதிலை நம்பி எட்டாம் நாள் எழுதுவதில் பலனில்லை.